முகத்தை மட்டும் எடுக்காதே

டூஃபி ஓர் ஆளைப் படம் எடுக்கும்போது எவ்வளவு வளைத்துப் பிடிக்கிறாள் என்பதை என் தோளைக் கேட்டாலே தெரியும். நான் அவளுடைய ஒலிக்காரன். பெயர் அசாரே. நீளக் கழி ஒன்றின் நுனியில் மைக்கைக் கட்டி, பேசுகிறவர் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்பது என் பிழைப்பு. குளோசப் என்றால் எனக்குக் கொண்டாட்டம். மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோகலாம், கையும் வலிக்காது. மிட் ஷாட் என்றால் கையைத் தூக்க வேண்டும். தலையிலிருந்து கால் வரை என்றால் நாற்காலி மேல் ஏறி, கழியை முழு நீளத்துக்கு நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக டூஃபி தலையிலிருந்து கால் வரைதான் எடுத்தாள். என் வலது தோள் இடதைவிட ஒரு விரற்கடை மேலே நிற்பது அதனால்தான்.

கானா நாட்டுக் குமாசி நகரத்தில், அதுவும் எங்கள் பன்டாமா பக்கம், அவளைத் தெரியாதவர் கிடையாது. சாவு வீடியோ எடுப்பவள். எங்கள் ஊரில் கல்யாணம் காலையில் தொடங்கி மத்தியானச் சோற்றோடு முடிந்துவிடும். சாவு அப்படி இல்லை. சனிக்கிழமை அடக்கம், ஞாயிறு நன்றி வழிபாடு, இரண்டுக்கும் வேறு வேறு துணி, வேறு வேறு செருப்பு. எல்லாவற்றுக்கும் டூஃபி வேண்டும், அவள் வந்தால் நானும் கழியோடு வந்தாக வேண்டும்.

சாவு வீட்டில் யாருக்கு எந்த ஷாட் என்பது அவரவர் இஷ்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அது சட்டம். ஊர்த்தலைவர் வந்தால் லோ ஆங்கிள்தான், செருப்பிலிருந்து மெல்ல மேலே ஏற வேண்டும். அவர் தலைக்கு மேலே எவனும், எதுவும் இருக்கக் கூடாது. இது தெரிந்தும் ஒரு தடவை டூஃபி டாப் ஆங்கிளுக்கு ஆசைப்பட்டு, தலைவர் வருவதற்கு முன்னாலேயே மாமரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். தலைவர் சரியாக அதே மரத்தின் கீழே நாற்காலி போடச் சொல்லிவிட்டார். இறங்கினால் எல்லாரும் பார்ப்பார்கள், இருந்தால் தலைவருக்கு மேலே இருக்கிற குற்றம். மூன்று மணி நேரம் எறும்புக்கடியோடு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கீழே நின்ற எனக்கு வந்த சிரிப்பு இருக்கிறதே, அதை அடக்குவதற்கு என் சொந்த அப்பா சாவை நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பெண்களுக்கு முழு உருவம். தொழில் தொடங்கின புதிதில் செத்தவரின் நாலு தங்கைகளை டூஃபி இடுப்பு வரைக்கும் எடுத்துவிட்டாள். மறுவாரம் நாலு பேரும் வரிசையாக அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். செருப்புக்காக ஒரு மாசம் கடை கடையாக அலைந்தோமே, எங்களுக்கு என்ன, காலே கிடையாதா என்று கேட்டார்கள். அதிலிருந்து டூஃபி யார் காலையும் வெட்டியதில்லை.

முகம் மட்டும் ஒரே ஓர் ஆளுக்குத்தான். அலங்கரித்துக் கிடத்தியிருக்கிறவருக்கு. எங்கள் ஊர்ச் சுவர்களைப் பார்த்தாலே விஷயம் புரியும். சிவப்பும் கறுப்புமாகக் கரை போட்டு, நடுவில் பெரிய முகம், கீழே வயசு, நாள், இடம். சுவரில் முகம் மட்டும் இருக்கிற ஆள் உயிரோடு இல்லை. பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து இரண்டு பேரும் கிழங்கு இடித்துச் செய்த ஃபுஃபு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். டூஃபி திடீரென்று கையைச் சட்டியிலேயே வைத்துவிட்டுச் சொன்னாள்.

“என் படத்துல வந்த நாயகருங்க ஒருத்தராவது என் படத்தப் பாத்திருக்காங்களா, சொல்லு.”

“பாத்திருந்தா நாம ரெண்டு பேரும் ஓடியிருப்போம்,” என்றேன். “யாரும் ஒரு குறை சொன்னதில்ல இல்ல? இப்படி நாயகருங்க யாருக்குக் கிடைப்பாங்க?”

அவள் சிரிக்கவில்லை. “ஒரே ஒரு படம் அசாரே. அந்த ஆளு உசிரோட என் முன்னாடி உக்காந்து பாக்கணும். அது போதும் எனக்கு.”

நாற்பத்தாறு வயசுப் பெண்பிள்ளை, ஊர்த்தலைவருக்கே பயப்படாதவள், இதைச் சொல்லும்போது குரல் உள்ளே போய்விட்டது. ஒலிக்காரன் காதுக்கு அது தப்பாது.

அதற்கு இரண்டு மாசம் கழித்து, தலைநகர் அக்ராவிலிருந்து செலோம் வந்தான். முப்பது வயசு, சின்னத் தாடி, காலில் மண் ஒட்டாத சப்பாத்து. எங்கோ ஒரு சாவில் டூஃபியின் வேலையைப் பார்த்திருக்கிறான். ஒரு தொலைக்காட்சிக்கு அரை மணி நேர டாக்குமென்டரி செய்ய வேண்டும், குமாசி ஆள் ஒருவரைப் பற்றி, நீங்களே ஆளைத் தேர்ந்தெடுங்கள் அக்கா என்றான். டூஃபி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பிராகோ அம்மா என்றாள்.

பிராகோ அம்மாவைக் குமாசியில் எல்லாருக்கும் தெரியும், முகத்தைப் பார்த்தவர் அபூர்வம். கெஜெட்டியா சந்தையில் லாரி நிற்கும் பக்கம், கம்பிவலை போட்ட சின்னக் கூண்டுக்குள் உட்கார்ந்து, முப்பத்தோரு வருஷமாக ஒலிபெருக்கியில் காணாமல் போனதையெல்லாம் அறிவிப்பவர் அவர். சாவி, பணப்பை, ஆடு, மாமியார், எது தொலைந்தாலும் அவர் குரல்தான் தேடும். சந்தையில் கிழங்கு விற்கிறவள் அவர் குரலைக் கேட்டே மணி சொல்வாள். அந்த அறிவிப்புகளில் எப்போதும் ஒரு குத்தல் இருக்கும். தக்காளி வரிசையில் ஒரு புருஷன் காணாமல் போயிருக்கிறார், நீலச் சட்டை, அவர் பெண்சாதி தேடவில்லை, அவர் அம்மாதான் தேடுகிறார் என்பார்.

கூண்டுக்குப் போனோம். எழுபத்தொரு வயசு, குட்டை உருவம், முன்பல் ஒன்று இல்லை. டூஃபி சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீ சாவு வீடியோ எடுக்கறவதானே? எனக்கு இன்னும் நாள் இருக்கு.”

“அதுக்குத்தாம்மா வந்தேன். இருக்கும்போதே எடுக்க.”

அது பிராகோ அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

“என்னை எப்படி வேணா எடு. நடக்கறது, உக்கார்றது, திங்கறது. ஆனா முகத்தை மட்டும் தனியா எடுக்காத. அது நான் போனப்புறம் எடுக்கறது. வாக்குக் குடு.”

டூஃபி வாக்குக் கொடுத்தாள். அவளுக்கென்ன, இருபத்திரண்டு வருஷமாக அவளும் அதே கட்சிதானே.

செலோமுக்கு இதைச் சொன்னபோது அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். அவன் கையில் ஒரு தாள் இருந்தது. வைட் இத்தனை, மிட் இத்தனை, குளோசப் இத்தனை, கண் மட்டும் தெரிகிற மாதிரி இரண்டு என்று வரிசையாக எழுதியிருந்தான். குளோசப் இல்லாமல் டாக்குமென்டரியா, உள்ளே என்ன நினைக்கிறார் என்று முகத்தைப் பார்க்காமல் எப்படித் தெரியும் என்று கேட்டான். டூஃபி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“கண்ணு மட்டுமா? மூக்கு என்ன தம்பி பாவம் பண்ணிச்சு?”

“அக்கா, டிவிக்காரங்க முகத்தைத்தான் கேப்பாங்க. முகம் இல்லன்னா படத்தை எடுத்துக்க மாட்டாங்க.”

அவன் கெட்டவன் இல்லை. சுவரில் முகம் என்றால் என்ன அர்த்தம் என்று அக்ராக்காரனுக்கும் தெரியும். ஆனால் சுவர் வேறு, திரை வேறு என்பது அவன் வாதம். அது டூஃபிக்கும் உள்ளூரச் சரி என்றே பட்டது, அதுதான் சங்கடம். வாக்கை மீறினால் பிராகோ அம்மா படம் பார்க்க வர மாட்டார். மீறாவிட்டால் டிவிக்காரன் எடுக்க மாட்டான், செலோமும் இனி வர மாட்டான், அவள் மறுபடி சனி ஞாயிறு சாவுக்குத்தான் போக வேண்டும்.

ஒன்பது நாள் எடுத்தோம். முகத்தை எடுக்க முடியாத ஆத்திரத்தில் டூஃபி மற்ற எல்லாவற்றையும் குளோசப்பில் எடுத்துத் தள்ளினாள். முப்பத்தோரு வருஷச் சாவிகள் கிடக்கிற இழுப்பறை. மைக்கைப் பிடித்திருக்கிற கை, அதில் வெங்காயத் தோல் மாதிரி மெலிந்த மோதிரம். கூண்டுக்குள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருவார் பிராகோ அம்மா. கோபம் வந்தால் வலது கால் கட்டைவிரல் தரையைத் தட்டும். அந்தக் கட்டைவிரலை மட்டும் அரை நாள் எடுத்தாள். அவர் தோளுக்குப் பின்னால் நின்று, தொலைத்துவிட்டு வருகிறவர்களின் முகங்களைக் கம்பிவலை வழியாகப் பிடித்தாள். ஒவ்வொருவனும் எதையோ திருடிவிட்டு வந்தவன் மாதிரி நிற்பான். என் தோளுக்குப் பல வருஷம் கழித்து விடுமுறை. செலோம் ஒவ்வொரு சாயங்காலமும் எல்லாவற்றையும் பிரதி எடுத்துக்கொள்வான், பார்ப்பான், பிரமாதம் என்பான், முகம் எங்கே என்பான்.

ஏழாவது நாள் ஓர் ஆள் பொக்கை வாயோடு வந்தான். பல் செட்டைத் தொலைத்துவிட்டானாம். பிராகோ அம்மா இழுப்பறையைத் திறந்து மூன்று பல் செட்டுகளை எடுத்து வைத்தார். எது உன்னுடையது என்றார். அவனுக்கே தெரியவில்லை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். முதல் செட்டில் வாய் மூடவில்லை. இரண்டாவதில் திறக்கவில்லை. மூன்றாவதைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி இருக்கிறதா, எனக்கு எடுப்பாக இருக்கிறதா என்று கேட்டான்.

பிராகோ அம்மா சிரித்தார். கண் ரெண்டும் காணாமல் போய், முன்பல் இல்லாத இடம் பளிச்சென்று தெரிய, முகம் முழுக்கச் சிரிப்பாக மாறிவிட்டது. அந்த நேரம் டூஃபியின் இடது கை லென்ஸ் வளையத்தைத் திருப்புவதை நான் பார்த்தேன். திருப்பினாள், இன்னும் திருப்பினாள், நிறுத்தவே இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அந்தச் சிரிப்புச் சத்தம் கெட்டுப்போயிருக்கும்.

வெளியே வந்ததும் அவள் என்னைப் பிடித்து நிறுத்தினாள்.

“பாத்தியா?”

“நான் ஒலிக்காரன். கேட்டேன்.”

“நான் எடுக்கல அசாரே. கை எடுத்துருச்சு.”

பதினாலு செகண்ட். வீட்டுக்குப் போய் இரண்டு பேரும் போட்டுப் பார்த்தோம். அவள் வாழ்க்கையில் எடுத்ததிலேயே நல்லது அதுதான், எனக்குச் சந்தேகமே இல்லை, அவளுக்கும் இல்லை. இரண்டு தடவை பார்த்தாள். மூன்றாவது தடவை பார்க்கவில்லை. இது படத்தில் வராது என்று சொல்லிவிட்டாள்.

ஆனால் அன்றைய பிரதி அதற்குள் செலோம் கைக்குப் போய்விட்டது.

படத்தை முதலில் சந்தை ஜனங்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று பிராகோ அம்மா கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, சந்தைக்குப் பின்னால் இருக்கிற பள்ளிக்கூட மண்டபம் என்று முடிவாயிற்று. டிவிக்காரர்கள் இரண்டு பேர் அக்ராவிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். சுவரொட்டி போட வேண்டாமா? சினிமாச் சுவரொட்டியை யார் சாவுச் சுவரொட்டி என்று நினைக்கப்போகிறார்கள் என்று, செலோம் எங்களைக் கேட்காமல் அந்தச் சிரிப்பிலிருந்து ஒரு படத்தை எடுத்தான். பிராகோ அம்மா, வயது எழுபத்தொன்று, வெள்ளி நாலு மணி, பள்ளிக்கூட மண்டபம், அனைவரும் வருக என்று எழுதி, அச்சுக்கூடம் வைத்திருக்கிற அம்போன்சாவுக்குப் போனில் அனுப்பிவிட்டான்.

அம்போன்சாவைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்? முப்பது வருஷமாக அவன் அச்சடித்ததெல்லாம் சாவுச் சுவரொட்டி. ஒரு முகம், ஒரு பெயர், ஒரு வயசு, ஒரு நாள், ஓர் இடம். அவன் கை மற்றதைத் தானாகவே செய்துவிட்டது. சிவப்புக் கறுப்புக் கரை போட்டான். இரண்டு மூலையிலும் இரண்டு புறா வைத்தான். தலைப்பு விட்டுப்போயிருக்கிறதே என்று அவனாகவே ‘மகிமைக்கு அழைக்கப்பட்டார்’ என்று சேர்த்தான். பிள்ளைகள் பெயர் கொடுக்காமல் விட்டுவிட்டார்களே என்று நினைத்து, கீழே ‘மற்ற விவரங்கள் பின்னர்’ என்றும் போட்டுவிட்டான். எழுத்துப் பிழை மட்டும் ஒன்றுகூட இல்லை.

புதன்கிழமை காலை சந்தைச் சுவர் முழுக்கப் பிராகோ அம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

கிழங்கு வரிசையில் பெண்கள் தரையில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிட்டார்கள். இறைச்சிக்காரர்கள் கத்தியைக் கீழே வைத்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி கரகரத்தது. கறுப்புக் குடை ஒன்று கண்டெடுக்கப்பட்டிருக்கிறது, கைப்பிடியில் வாத்துத் தலை, உரியவர் வந்து பெற்றுக்கொள்ளவும் என்றது, சாட்சாத் பிராகோ அம்மாவின் குரல். பாதிப்பேர் எழுந்து ஓடினார்கள். மீதிப்பேர் பழைய பதிவைப் போடுகிறார்கள் பாவம் என்று இன்னும் சத்தமாக அழுதார்கள்.

கும்பலில் ஒருவன் துக்கம் விசாரிக்கக் கூண்டுக்கே போய்விட்டான். கையில் சுவரொட்டி. தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, வீட்டுக்காரங்க யாரும்மா என்று உள்ளே இருந்த கிழவியிடம் கேட்டான். கிழவி திரும்பினார். அவன் சுவரொட்டியைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், ஒரே ஓட்டம். அந்தத் தொப்பி இன்னும் இழுப்பறையில்தான் இருக்கிறது.

சுவரொட்டி பிராகோ அம்மா கைக்கு வந்தது அப்படித்தான்.

செய்தி கேட்டதும் டூஃபிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செலோமைத் திட்டக்கூட இல்லை. ஒருவருக்கு இல்லாத சாவைச் சொல்லிவிட்டால் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தாள். கிழங்கை அவித்து, பனை எண்ணெய் விட்டு மசித்து, மேலே அவித்த முட்டை நாலு வைத்து, தட்டைத் தலையில் ஏந்திக்கொண்டு போனாள். பின்னால் நான், எனக்குப் பின்னால் செலோம், அவனுக்குப் பின்னால் அழுதுகொண்டே அம்போன்சா.

பிராகோ அம்மாவின் வலது கால் கட்டைவிரல் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. டூஃபி மண்டியிட்டு, நான்தான் எடுத்தேன், அச்சுக்காரன் மேல் தப்பில்லை, வாக்குக் கொடுத்துவிட்டு நான்தான் எடுத்தேன் என்றாள். அவர் அவளைப் பார்க்காமல் மைக்கை இழுத்து வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

“கவனிக்கவும். காணாமப் போன பொருள் ஒண்ணு. டூஃபிங்கற பொண்ணு எனக்குக் குடுத்த வாக்கு. என்ன நிறம்னு தெரியாது. பதினஞ்சு நாள் முன்னாடி இருந்துச்சு, இப்பக் காணோம். கண்டெடுத்தவங்க கூண்டுல கொண்டாந்து குடுங்க. இன்னொண்ணு. நான் சாகல. குடை இன்னும் இங்கதான் இருக்கு.”

குமாசி சந்தை மொத்தமும் அதைக் கேட்டது. டூஃபி குனிந்த தலை நிமிரவில்லை. பிராகோ அம்மா முட்டையை மட்டும் எடுத்துச் சாப்பிட்டார். இது உனக்காக இல்லை, என் உயிருக்காக என்று சொல்லிவிட்டு, தட்டைத் திருப்பித் தந்தார். படம் பார்க்க வருவீர்களா என்று கேட்கிற தைரியம் எங்களில் யாருக்கும் இல்லை.

அன்றைக்கே டூஃபி உட்கார்ந்து படத்தை மறுபடி சரிபார்த்தாள். செலோம் அந்தப் பதினாலு செகண்டைக் கடைசியில் ஒட்டி வைத்திருந்தான். அதை வெட்டினாள். அவன் கெஞ்சினான். தப்பு என்னுடையதுதான் அக்கா, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் முகம் இல்லாமல் டிவிக்காரர்கள் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள் என்றான்.

“டிவிக்காரங்க ஆயிரம் படம் பாப்பாங்க தம்பி. அந்தம்மா ஒண்ணுதான் பாக்கப் போறாங்க.”

“அவங்க வரவே மாட்டாங்களே அக்கா.”

“வந்தா?”

அம்போன்சா புதுச் சுவரொட்டி அச்சடித்தான், தலையிலிருந்து கால் வரை, பச்சைக் கரையில். புறாக்களை மட்டும் அவனால் விட முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் எள் போட்டால் கீழே விழாது. வெளியூர்களுக்குப் பழைய சுவரொட்டிதான் போயிருந்தது போல. பாதிக் கூட்டம் கறுப்பும் சிவப்பும் உடுத்திக்கொண்டு வந்திருந்தது. பந்தல்காரன் யாரும் சொல்லாமலே மைதானத்தில் பந்தல் போட்டு இருநூறு நாற்காலி அடுக்கியிருந்தான். செத்தவர் இல்லை என்று தெரிந்ததும் திரும்பிப் போவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் போகவில்லை. வந்தது வந்துவிட்டோம், சாகாதவர் படத்தையாவது பார்த்துவிட்டுப் போவோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

முன்வரிசையில் நடு நாற்காலி காலி. டூஃபி அதன் மேல் ஒரு வெள்ளைத் துணி விரித்திருந்தாள். நாலு மணி ஆயிற்று. நாலே கால் ஆயிற்று. டிவிக்காரர்கள் கடிகாரம் பார்த்தார்கள். ஜன்னல்களைச் சாத்தி, படத்தைப் போட்டோம்.

திரையில் இழுப்பறை திறந்தது, கூட்டம் அமைதியானது. டூஃபி சுவரோரம் நின்றாள். அவள் திரையைப் பார்க்கவில்லை, அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு பேர் கூடி, எல்லாரும் பார்க்க, சம்பந்தப்பட்ட ஆள் மட்டும் பார்க்காத படம். இதுவும் அப்படியே ஆகிவிட்டதே என்று நினைத்தேன். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வேலை என்னுடையது, அதில் புத்தியைச் செலுத்தப் பார்த்தேன்.

பாதிப் படத்தில், சாவிகள் பெரிதாகத் தெரிகிற இடத்தில், பிராகோ அம்மாவின் குரல் சொன்னது.

“அது பித்தளை இல்ல, இரும்பு. வெளிச்சம் சரியில்ல.”

கூட்டம் சிரித்தது, படத்தில் வருகிற பேச்சு என்று நினைத்து. எனக்கு மட்டும் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் படத்தில் இருக்கிற ஒவ்வொரு வார்த்தையும் என் மைக் வழியாக வந்தது. இந்த வார்த்தையை நான் பதிவு செய்யவே இல்லை.

திரும்பிப் பார்த்தேன். கதவோரம் பிராகோ அம்மா நின்றுகொண்டிருந்தார். உச்சி முதல் உள்ளங்கால் வரை வெள்ளை, கண்டம் தப்பிப் பிழைத்தவர்கள் உடுத்துகிற வெள்ளை. காலில் புதுச் செருப்பு. ஜனம் தானாக விலகி வழி விட்டது. நடந்து போய், நடு நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி வைத்தார்.

மீதிப் படம் ஓடி முடிந்தது. ஒருவர்கூடக் கை தட்டவில்லை. எல்லாரும் வெள்ளைத் துணியின் மேல் இருந்த அந்தக் குட்டை உருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நான் சிரிச்சது எங்க?” என்றார் பிராகோ அம்மா.

டூஃபி பக்கத்தில் போய் நின்றாள். “எடுத்துட்டேம்மா. குடுத்த வாக்கு.”

“கிடைச்சிருச்சு உன் வாக்கு. உரியவங்ககிட்ட திருப்பிக் குடுத்தாச்சுன்னு கூண்டுல எழுதி வச்சுடறேன். இப்ப அதைப் போடு.”

“முகம் மட்டும்தாம்மா இருக்கு அதுல.”

“சுவத்துல ஊரு பாத்தா செத்தவ. உக்காந்து நானே பாத்தா?” என்று கேட்டார். கையை ஆட்டினார். “போடு பொண்ணே.”

செலோம் பாய்ந்து போனான். அது அவன் மடிக்கணினியில்தான் இருந்தது. திரை நிறைய அந்த முகம் வந்தது, பல் இல்லாத இடம் ஒரு ஆள் உயரத்துக்கு. முப்பத்தோரு வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்த குரலுக்கு உரிய முகம் உயிரோடு சிரிப்பதைச் சந்தை முதல் தடவையாகப் பார்த்தது. திரையில் அவர் சிரிக்க, நாற்காலியில் அவர் சிரிக்க, கறுப்பும் சிவப்பும் உடுத்தி அழ வந்த கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. டிவிக்காரர்களும் சிரித்தார்கள். படத்தை எடுத்துக்கொள்கிறோம், இந்தப் பதினாலு செகண்டோடு என்று செலோமிடம் அங்கேயே சொல்லிவிட்டார்களாம். டூஃபியிடம் அதை மறுநாள்தான் சொல்ல முடிந்தது, ஏனென்றால் அன்றைக்கு அவள் காதில் வேறெதுவும் ஏறவில்லை.

அவள் காமிராவைத் தூக்குவாள் என்று நினைத்து நான் கழியை எடுத்து நீட்டினேன். அவள் தூக்கவில்லை. ஒரு கூட்டத்தில் காமிரா இல்லாத டூஃபியை இருபத்திரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். பிராகோ அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில், வெறுந்தரையில் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டாள்.

விளக்குப் போட்டதும் பிராகோ அம்மா ஆரம்பித்தார். மூக்கை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்தாய்? கட்டைவிரலைக் காட்டினதுதான் காட்டினாய், நகம் வெட்டச் சொல்லியிருக்கக் கூடாதா? கூண்டு இவ்வளவு அழுக்காகவா இருக்கிறது, பொய். பல்செட்டுக்காரன் என்னைவிட அதிக நேரம் வருகிறான். பிறகு என் பக்கம் திரும்பி, என் குரல் இப்படித் தகரம் மாதிரியா இருக்கிறது, உன் மைக்கில் துரு என்றார். இருபத்திரண்டு வருஷத் தொழில்காரன் நான், எனக்கு மூக்கு மேல் கோபம் வந்துவிட்டது. பதில் சொல்ல வாயெடுத்தேன்.

டூஃபி என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள். திரும்பிப் பார்த்தால் கண்ணில் தண்ணீர் வழிகிறது, துடைக்கக்கூட இல்லை. மடியில் நோட்டுப் புத்தகம். மூக்கு, நகம், அழுக்கு, பல்செட்டு, மைக்கில் துரு எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைத்திருக்கிறாள்.

பிராகோ அம்மா மூச்சு வாங்க நிறுத்தினார். டூஃபி பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

“அப்புறம்மா? வேற என்ன குறை, சொல்லுங்க.”